ஜெபர்சனின் மதத்தைப் பற்றி எழுதுகையில் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெபர்சனை நாத்திகர் என்று எழுதுவதுதான் முதல் சறுக்கல். 1800 அதிபர் தேர்தலில் எதிர்க்கட்சியினரான ஃபெடரலிஸ்டுகள் அவர்மேல் வீசிய வசை அது. கடவுளும் மறுமையும் உண்டு என்றே அவர் நம்பினார். மறுத்தது திரித்துவத்தை, கன்னிப் பிறப்பை, அற்புதங்களை. சரி, ‘டீயிஸ்ட்’ என்று போட்டுவிடலாமா? உலகைப் படைத்ததோடு கடவுள் ஒதுங்கிக்கொண்டார் என்றுதான் அந்தச் சொல்லைப் பலரும் புரிந்துகொள்கிறார்கள். உலகின் ஒழுங்கைக் காத்துவரும் ஒரு சக்தி உண்டென்று 1823இல் ஜான் ஆடம்ஸுக்கு எழுதியவருக்கு அது பொருந்தாது. தன் மதப் பிரிவில் தான் ஒருவன் மட்டுமே என்று அவரே 1819இல் எழுதியிருக்கிறார்.

அதிகம் குழப்பப்படுவது ‘ஜெபர்சன் பைபிள்’. அதை அவர் ‘திருத்தி எழுதினார்’ என்பது தவறு. ஆறு புதிய ஏற்பாட்டுப் பிரதிகளின் நற்செய்திப் பகுதிகளிலிருந்து வேண்டிய வசனங்களை வெட்டி ஒட்டினார், அவ்வளவே. கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என நான்கு பத்திகள். 1820 வாக்கில் முடிந்தது. கல்லறை வாசலில் கல்லைப் புரட்டிவைத்ததோடு நிற்கிறது, உயிர்த்தெழுதல் இல்லை. அதற்காக மறுவுலகப் பேச்சையே அகற்றிவிட்டார் என்று எழுதக்கூடாது: ஐசுவரியவானும் லாசருவும் உவமை உள்ளே இருக்கிறது. 1804இல் ஆங்கிலத்தில் மட்டும் செய்த வேறொரு தொகுப்பும் உண்டு, அது தொலைந்துபோனது. ‘செவ்விந்தியர்களுக்காக’ என்ற குறிப்பு அதன் தலைப்புப் பக்கத்தில்தான். பலர் அதைத் தூக்கி 1820 நூலின்மேல் வைத்துவிடுகிறார்கள். இரண்டையுமே அவர் அச்சிடவில்லை. 1820 நூலை ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் 1895இல் வாங்கியது. அமெரிக்க நாடாளுமன்றம் 1904இல் அச்சிட்டது.

மதத்தையும் அரசையும் ‘பிரிக்கும் சுவர்’ என்ற சொல் அமெரிக்க அரசியல் சாசனத்தில் இல்லை. கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு 1802 ஜனவரி 1 அன்று அவர் எழுதிய கடிதத்தில் வருவது. அந்தக் கடிதத்தைப் பெற்றவர்கள் மதத்தை வெறுத்தவர்கள் அல்லர். அரசு ஆதரித்த காங்கிரிகேஷனல் சபையின் கீழ் அவதிப்பட்ட சிறுபான்மையினர். கடிதம் எழுதி இரண்டே நாளில், பிரதிநிதிகள் சபை மண்டபத்தில் நடந்த ஞாயிறு ஆராதனைக்கு ஜெபர்சன் போனார்! கடிதம், ஆராதனை இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விடுவது, அந்தச் சுவரை ஆதரிப்பவர், எதிர்ப்பவர் என இரு தரப்பாருக்கும் பழக்கம்.

1765இல் அவர் குரான் வாங்கினார் என்பது உண்மை. அதை வைத்து இஸ்லாம் மீதான ஈடுபாடு என்று நீட்ட வேண்டாம். அப்போது அவர் சட்ட மாணவர், சட்டம் பற்றிய ஆர்வத்தில் வாங்கியிருக்கலாம்.

மேற்கோள்களில் எச்சரிக்கை தேவை. கிறிஸ்தவத்தில் ‘உருப்படியான ஒரு அம்சம்கூட இல்லை’ என்று அவர் பெயரில் சுற்றும் வாசகம் போலி. தேதியும் பெறுநர் பெயரும் இல்லாத மேற்கோளைத் தொடாதீர்கள். இருந்தால், அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்தில் முழுக் கடிதத்தையும் வாசித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.