கெட்ட பெயர் எடுத்த காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது எப்படி?

மணல் லாரிக்கு மாமூல் வாங்கும் நிலையம் என்று ஊரே பேசும் இடத்திலும் நேர்மையான ஏட்டு ஒருவர் இருப்பார் என்று நான் நம்புகிறேன். ஆனால், அவருடைய நல்ல மனத்தை மட்டும் நம்பிப் புகாரை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வரக் கூடாது. "பேசி முடித்து அனுப்பு" என்று மேலதிகாரி சொல்லும்போது அதை மறுப்பதற்கு அவர் கையில் எழுத்து வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

பம்பு செட் ஒயரை அறுத்துச் சென்றாலும், மணல் அள்ளியதைத் தட்டிக்கேட்டவரை அடித்தாலும், நடந்ததை நாள், நேரம், பார்த்தவர் பெயர் ஆகியவற்றோடு இரண்டு பிரதிகள் எழுதுங்கள். இடத்தை எந்த மதகுக்கு, எந்தப் படித்துறைக்கு அருகில் என்று குறிப்பிடுங்கள். கொள்ளிடத்தின் தென்கரை தஞ்சாவூர் மாவட்டமாகவும் எதிர்க்கரை அரியலூர் மாவட்டமாகவும் இருக்கும் பகுதிகளில், "எங்கள் எல்லை இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது எளிது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, எல்லை எதுவானாலும், பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம்.

நிலைய எழுத்தரான ரைட்டரிடம் மனுவைக் கொடுத்ததும், மனு பெறப்பட்டதற்குச் சான்றான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகல் இலவசம். பதிய மறுத்தால், அதே பிரிவின் கீழ் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பி ஒப்புதல் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பலன் இல்லையெனில் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். வற்புறுத்தலால் லஞ்சம் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் தெரிவித்துவிட்டால், கொடுத்த குற்றம் அவர்மேல் வராது.

நிலையத்துக்குள்ளேயே அத்துமீறல் நடந்தால் நல்லவரின் நிலை மிகக் கடினமாகிவிடும். 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் துறையினரால் தாக்கப்பட்டு இறந்தபோது, இரவு முழுவதும் அவர்களை அடித்தார்கள் என்று நீதித்துறை நடுவரிடம் வாக்குமூலம் கொடுத்தவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர். அச்சத்தோடு பேசிய அவருக்கு உயர் நீதிமன்றம் பாதுகாப்பு அளிக்க வேண்டியிருந்தது. அங்கே கேமராப் பதிவு நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே, பதிவைப் பாதுகாக்கும்படி அன்றைக்கே கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள்.

உங்களுக்கு உதவிய காவலரின் பெயரை மனுவில் எழுதாதீர்கள். அவர் தனியாகச் சொன்னதையும், அனுப்பிய குரல் பதிவையும் வாட்ஸ்அப் குழுக்களில் பகிராதீர்கள். அவர் சொன்னதிலிருந்து எந்த ஆவணத்தைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு, அதை உங்கள் பெயரிலேயே கேளுங்கள். பின்னால் அவர் சாட்சி சொல்ல முன்வந்தால், உங்கள் வழக்கறிஞர் மூலம் நடுவர் முன்னிலையில் வாக்குமூலம் பதியவும் பாதுகாப்புக் கோரவும் ஏற்பாடு செய்யுங்கள்.