நெடுங்காலம் உழைக்கும் உடலுக்கு: வன்னிக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

ஐம்பது வயதில் ஒரு மூட்டை நெல்லை நகர்த்தவும், அறுபத்தைந்தில் நிலத்தில் இருக்கும் பேரப்பிள்ளையைக் குனிந்து தூக்கவும், எழுபத்தைந்தில் எவருடைய கையையும் பிடிக்காமல் கிணற்றடிக்குச் சென்று வரவும் இயலுமா என்பதே இவ்வழிகாட்டி எடுத்துக்கொள்ளும் அளவுகோல். புயத்தின் பருமனோ வயிற்றின் மடிப்புகளோ இங்கு பேசப்படப் போவதில்லை. 2009இல் முடிந்த போருக்குப் பின் வன்னியில் ஒரே ஒருவரின் உழைப்பில் நிற்கும் வீடுகள் பல; அவற்றுள் தாயே தனித்துத் தாங்கும் வீடுகளும் ஏராளம். அந்த ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தால் வருமானம் நிற்பதோடு, அவரைப் பராமரிப்பதற்காக மூத்த பிள்ளையின் படிப்பும் நின்றுவிடுகிறது.

வயலில் உழைப்பவருக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் அக்கேள்வி சரியாக இருந்திருக்கும். இன்று உழுவது உழவு இயந்திரம், வெட்டுவது அறுவடை இயந்திரம், நீர் இறைப்பது மோட்டர், சந்திக்குப் போவது மோட்டார் சைக்கிள். மாரி மழையில் செய்யும் காலபோகத்தில் சில கிழமைகள் உடல் முறிய வேலை செய்துவிட்டு, கோடைச் சிறுபோகத்துக்குக் குளத்தில் நீர் போதாத ஆண்டுகளில் மாதக்கணக்கில் அமர்ந்திருப்பதை உடல் ஒரு சீரான பழக்கமாக ஏற்றுக்கொள்வதில்லை. இலண்டனின் இரட்டைத் தட்டுப் பேருந்துகளில் நாள் முழுவதும் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட, அமர்ந்தே ஓட்டிய சாரதிகளுக்கு இதய நோய் அதிகம் என்பதை ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் 1953இலேயே எழுதினார். உழவு இயந்திரத்தின் இருக்கையில் இருப்பவரும் சாரதியே.

முதலில் அளவுகளை அறிந்துகொள்ளுங்கள். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் குருதி அழுத்தத்தையும் வெறும் வயிற்றுச் சீனி அளவையும் பார்ப்பது நல்லது. அழுத்தம் 140/90ஐத் தொட்டாலோ, சீனி டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமைத் தொட்டாலோ வைத்தியரின் கவனிப்பு வேண்டும். சீனி 100க்கும் 125க்கும் இடையில் இருந்தால் உணவாலும் நடையாலும் அதைத் திருப்பிவிட இன்னும் காலம் உண்டு. தையல் நாடாவால் இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள்: ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80க்கும் மேற்பட்டால் கவனம் தேவை. கால்களின் வலுவை அறியக் கைப்பிடியில்லாத கதிரை ஒன்று போதும். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை தடவை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது வரையான ஆண் 14க்குக் குறைவாகவும் பெண் 12க்குக் குறைவாகவும் எழுந்தால் கால்களின் வலு வயதுக்குரியதைவிடக் குறைந்திருக்கிறது, விழும் அபாயம் கூடியிருக்கிறது என்று பொருள்.

வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலசைவும், இரண்டு நாட்களாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நடை இதில் எளிய பகுதி. பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில், நாளுக்கு அரை மணி நேரமாக ஐந்து நாட்கள் நடந்தால் கணக்குச் சரி. வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன்போ வெயில் தாழ்ந்த பின்போ நடந்து வாருங்கள். குளக்கட்டும் வாய்க்கால் வீதியும் நல்ல இடங்கள்; எனினும் யானை நடமாடும் ஊர்களில் இருளில் இறங்க வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கமோ, ஆட்கள் புழங்காத பற்றைக் காடோ எவ்வளவு குறுக்கு வழியாயினும் நடைக்கு உரியவையல்ல. நீரிழிவு உள்ளவர்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் முற்றத்தில் நடப்பது தனிப் பயன் தரும். அசையும் தசை குருதியிலுள்ள சீனியை எடுத்துக்கொள்கிறது.

நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது வலுவூட்டும் பயிற்சியைத்தான். நடுத்தர வயதிலிருந்தே தசை மெல்ல மெல்லக் குறைந்துவருகிறது, நடையால் மட்டும் அதைத் தடுக்க முடியாது. இதற்கு உடற்பயிற்சி நிலையமும் புரத மாவும் தேவையில்லை. திண்ணையிலோ கதிரையிலோ அமர்ந்து, பாதங்களைத் தோள் அகலத்துக்கு ஊன்றி, சற்று முன்சாய்ந்து, கையூன்றாமல் எழுங்கள். அமரும்போது பொத்தென்று விழாமல், மனதுக்குள் மூன்று வரை எண்ணியபடி இறங்குங்கள். வலு வளர்வதில் அந்த இறக்கத்துக்கும் நல்ல பங்குண்டு. பத்துத் தடவையாக மூன்று சுற்றுகள் போதும். அது இலகுவானதும் ஆசனத்தைத் தாழ்வாக்குங்கள். அடுத்து, இரண்டு வாளிகளில் ஐந்து ஐந்து லீற்றர் நீர் நிரப்பினால் கைக்கு ஐந்து கிலோ ஆகும். முதுகை நிமிர்த்தி, தோள்களைக் காதுக்கு உயர்த்தாமல், நீர் தளும்பாதபடி கிணற்றிலிருந்து வாழைக்குச் சென்று ஊற்றிவிட்டு வாருங்கள்; பயிற்சியும் ஆயிற்று, வாழைக்கு நீரும் ஆயிற்று. சுவரில் கையூன்றித் தள்ளுவதையும், குதிக்காலை உயர்த்தி இறக்குவதையும் சேர்த்துக்கொண்டால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அறுபத்தைந்தைக் கடந்தவர்கள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதையும் பழகட்டும்.

போரில் காலை இழந்தவர்கள் கதிரையில் அமர்ந்தபடி நீர்ப் போத்தல்களைத் தூக்கலாம். செயற்கைக் கால் அணிபவர்கள் நாள்தோறும் காலின் எஞ்சிய முனைப் பகுதியைப் பார்த்து, சிவப்போ புண்ணோ இருந்தால் அன்று நடையைக் கைவிட வேண்டும். உடலில் குண்டுச் சிதறல் உள்ளவர்கள் புதிய பயிற்சி தொடங்குமுன் வைத்தியரைக் கேட்பது அவசியம்.

உணவில் பெரும் புரட்சி தேவையில்லை. சோற்றில் ஓர் அகப்பை குறைத்து, பயறு, பருப்பு, முட்டை, குளத்து மீன், முருங்கையிலை ஆகியவற்றைக் கூட்டுங்கள். கருவாட்டிலும் ஊறுகாயிலும் வரும் உப்பையும், நாளுக்கு ஐந்தாறு தடவை குடிக்கும் பிளேன்ரீயின் சீனியையும் கணக்கில் எடுங்கள். குரக்கன் பிட்டுக்கு மட்டும் மாறிவிட்டுச் சீனியை விடாதவர்களுக்குப் பலன் கிட்டுவதில்லை. வெயிலில் வேலை செய்பவர்கள் தாகம் வரும்வரை காத்திராமல் நீர் அருந்த வேண்டும். காரணம் முழுமையாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் காணப்படுவதால், நாரி நோவுக்குக் கடையில் தாமாக வலிமாத்திரை வாங்கி நாட்கணக்கில் விழுங்கும் வழக்கத்தை நான் மிகவும் அஞ்சுகிறேன்; அம்மாத்திரைகளுள் பல சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை.

விதைப்புக் காலத்தில் பயிற்சி விடுபடும். அக்கிழமைகளில் கதிரையில் எழுந்தமர்வதை மட்டும் காப்பாற்றி, மழை ஓய்ந்தபின் பழைய அளவின் பாதியிலிருந்து ஏறிச் செல்லுங்கள். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்காமல், சட்டைப்பையில் ஓர் இனிப்பை வைத்திருக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சை அழுத்தும் நோவு, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, திடீர்க் குளிர் வியர்வை, ஒரு பக்கம் வாய் கோணுதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நின்று, அமர்ந்து, 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள்; அந்த இலக்கம் வீட்டிலுள்ள சிறுபிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.