கச்சான் காலத்தில் லைசோசைம் படிகம் வளர்த்தது: என் அனுபவம்

திருகோணமலையில் கச்சான் எனும் வறண்ட வெப்பக்காற்று வீசும் மாதங்களில் என் தொங்குதுளிகளில் (மூடிக்கண்ணாடியின் அடியில் தொங்கவிட்டு, கீழுள்ள உப்புக்கரைசலுக்கு மேல் மெல்ல வற்றவைக்கும் புரதத்துளிகள்) ஒரு நல்ல படிகம்கூட வரவில்லை. துளி முழுக்கச் சீனித்தூள் போலச் சிறுமணிகள்தான். கரைசலை மாற்றி மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கரண்ட் போய் ஏசி நின்றால் அறை சூடேறி, முட்டை வெள்ளைக்கருவின் நொதியமான லைசோசைம் கரையும். ஏசி திரும்பியதும் சட்டெனக் குளிர்ந்து, மிகைநிரம்பல் (கரையக்கூடிய அளவைவிட அதிகம் கரைந்திருக்கும் நிலை) எகிறி, படிகக் கருக்கள் கூட்டமாய்த் தோன்றும்.

வெப்பநிலை சட்டென மாறாதிருக்க, ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் ஆறை ஓரிரவு ஏசி அறையில் வைத்து 20 பாகைக்குக் கொண்டுவந்தேன். துளிகளுள்ள தட்டை அவற்றின் நடுவே, மூடியுள்ள ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்தேன். உப்பை 8%இலிருந்து 5% ஆக்கினேன். புரதம் மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம், 0.2 மைக்ரோன் வடிகட்டியில் வடித்தது. தாங்கல் கரைசல் அசற்றேற்று, பி.எச். 4.6, துளிக்குப் புரதக் கரைசலிலும் உப்புக்கரைசலிலும் 2 மைக்ரோலீற்றர் வீதம். துளி வைக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், மூடிக்கண்ணாடியை ஒட்டும் கிரீஸ் வளையத்தில் இடைவெளி விடாதீர்கள். இந்தக் காற்றில் துளி நிமிடங்களில் காய்ந்துவிடும். மூன்றாம் நாள் 0.3 மில்லிமீற்றர் படிகங்கள், விளிம்பெல்லாம் கூராக!

எக்ஸ்-கதிர்த் தரவெடுத்து நொதியத்தின் அசைவைப் பார்க்கவேண்டுமானால் சில படிகங்களை உறையவைக்காமல் வையுங்கள். 100 கெல்வினில் (ஏறத்தாழ −173 பாகை செல்சியஸ்) புரதத்தின் பக்கச்சங்கிலிகள் பல ஒரே நிலையில் ஒடுங்கிவிடும். அறை வெப்பநிலைத் தரவில்தான் மாற்று நிலைகள் நன்றாகத் தெரியும். அந்த வெப்பநிலையில் கதிர்ச்சேதம் (எக்ஸ்-கதிர் படிகத்தைக் கெடுப்பது) வேகமாக வரும், ஆகவே பல படிகங்களில் கொஞ்சங்கொஞ்சமாகத் தரவெடுங்கள்.