காமிக் கான்ல டேபிள் போடப்போற ரைட்டரா நீங்க? இந்தத் தப்பையெல்லாம் பண்ணாதீங்க

கான்னா காமிக்ஸ் எழுதறவங்க, வரையறவங்க, விக்கறவங்க, ரசிகருங்க எல்லாரும் கூடற கண்காட்சி. அங்க ஆர்ட்டிஸ்ட் பொழப்பு வேற, ரைட்டர் பொழப்பு வேற. ஆர்ட்டிஸ்ட் உக்காந்து பேனாவ எடுத்தாலே நாலு பேரு நின்னு எட்டிப் பாப்பாங்க, அவரு பிரிண்ட் விப்பாரு, கேட்டவங்களுக்கு காசு வாங்கிட்டு கமிஷன் ஸ்கெட்ச் போடுவாரு, ஒரு பேட்மேன் மூஞ்சிய வரைஞ்சு குடுத்தாலும் காசு. ரைட்டர் கிட்ட என்ன இருக்கு? புக்கு இருக்கு, வாய் இருக்கு, அவ்ளோதான். இது புரியாம பக்கத்து டேபிள் ஆர்ட்டிஸ்ட் பண்றதயே பாத்து அப்படியே பண்ணுறதுலதான் பாதி தப்பு வருது. இங்க நான் சொல்றது பெரும்பாலும் அமெரிக்கா கதை, ஏன்னா மாசாமாசம் இஷ்யூ (தொடர்கதையோட ஒவ்வொரு புக்கு), காமிக் ஷாப், கடைலயே உக்காந்து கையெழுத்து போடற சைனிங்னு இந்த மொத்த ஏற்பாடும் அந்த ஊர்லதான் இருக்கு. சென்னைக்கு கடைசில வர்றேன்.

இருக்கறதுலயே பெரிய தப்பு தேதி விஷயத்துல நடக்குது. புது சீரிஸோட முதல் இஷ்யூ புதன்கிழமை கடைக்கு வருது (அங்க புது காமிக்ஸ் வர்ற நாள் புதன்தான்), ரைட்டரு அதுக்கடுத்த வாரம் கான்ல டேபிள் போட்டு, பேனர் கட்டி, ஆளாளுக்கு புக்க காட்டி ஆஹா ஓஹோன்னு பேசுறாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைக்காரங்க அந்த இஷ்யூவ எத்தன காப்பி வாங்கறதுன்னு முடிவு பண்ணி மூணு வாரத்துக்கு மேல ஆயிருக்கும். ஃபைனல் ஆர்டர் கட்ஆஃப்னு ஒரு தேதி உண்டு, சுருக்கமா எஃப்ஓசி, புக்கு கடைக்கு வர்றதுக்கு சுமார் மூணு வாரம் முன்னாடி அது முடிஞ்சிரும். பப்ளிஷரும் பெரும்பாலும் அந்த எண்ணிக்கைய வச்சுதான் எத்தன காப்பி அச்சடிக்கறதுன்னு முடிவு பண்ணுவாங்க. வாங்குன காப்பிய பெரும்பாலும் கடைக்காரரால திருப்பிக் குடுக்க முடியாது, விக்கலன்னா அவர் தலைலதான் விழும், அதனால பேர் தெரியாத ரைட்டர் புக்குன்னா ரெண்டு காப்பி மூணு காப்பிக்கு மேல போட மாட்டாரு. நீங்க கான்ல பேசி ஒருத்தர உசுப்பேத்தி அனுப்புறீங்க, அவரு ஆசையா ஊருக்குப் போயி கடைல கேட்டா "தீந்துபோச்சு"ம்பாங்க, இல்லன்னா "அப்படி ஒரு புக்கா?"ம்பாங்க. முடிஞ்சுது.

அதனால ரைட்டருக்கு கான்ங்கறது எஃப்ஓசிக்கு முன்னாடி நடக்கணும், பின்னாடி நடந்தா பாதிப் பலன்தான். ரெண்டாவது இஷ்யூல நிலைமை இன்னும் மோசம். முதல் இஷ்யூ எப்படி வித்துச்சுன்னு கடைக்காரருக்கு முழுசா தெரியறதுக்குள்ளயே ரெண்டாவதோட எஃப்ஓசி வந்துரும், அவரு பயந்துபோயி ஆர்டர குறைப்பாரு, எல்லா சீரிஸுக்கும் நடக்கறதுதான் இது. புக்கு இன்னும் ரெடி ஆகலயேன்னு கேட்டீங்கன்னா அதுக்குத்தான் ஆஷ்கேன்னு ஒண்ணு இருக்கு. முதல் எட்டுப் பத்துப் பக்கத்த கறுப்பு வெள்ளைல சின்னதா அடிச்சு, பின் அட்டைல கடைக்கு வர்ற தேதி, எஃப்ஓசி தேதி, கடைக்காரர் ஆர்டர் போடறதுக்கான கோட் மூணையும் பெருசா போட்டு கைல குடுங்க. 1930கள், 40கள்ல புக்கோட தலைப்ப தங்க பேர்ல பதிவு பண்றதுக்காக பப்ளிஷர்ஸ் ஒப்புக்கு ஒட்டிச் செஞ்ச புக்குக்கு வச்ச பேரு இது, இன்னைக்கு விளம்பரத்துக்கு ஆயிருச்சு.

இந்த திருப்பிக் குடுக்க முடியாத ஏற்பாட்ட கொண்டு வந்ததே ஒரு கான் நடத்துன ஆளுதான். ஃபில் சூலிங்னு புரூக்ளின்ல ஒரு ஸ்கூல் வாத்தியாரு, 1960கள் கடைசிலேர்ந்து நியூயார்க்ல காமிக்ஸ் கன்வென்ஷன் நடத்துனவரு, 1970கள் தொடக்கத்துல பப்ளிஷர்ஸ் கிட்ட போயி "கூட டிஸ்கவுன்ட் குடுங்க, நாங்க ரிட்டர்ன் பண்ண மாட்டோம்"னு பேசி முடிச்சாரு. கான் நடத்துனதும், கடைக்கு இந்த வழி போட்டதும் ஒரே ஆளுதான். இந்த ரைட்டர்ஸ்தான் அத ரெண்டையும் தனித்தனியா நினைச்சுக்கறாங்க.

டேபிளுக்கு கடைக்காரரே வந்து நிப்பாரு, அத மறந்துராதீங்க. அவரு கேக்கற முதல் கேள்வி "உங்க டிஸ்ட்ரிபியூட்டர் யாரு?" கடைக்கு புக்கு சப்ளை பண்ற கம்பெனிதான் டிஸ்ட்ரிபியூட்டர். முன்னெல்லாம் ஏறக்குறைய எல்லாமே டயமண்ட்ங்கற ஒரே கம்பெனி வழியாத்தான் போகும், கேள்விக்கே வேலை இல்ல. 2020ல டிசி வெளிய போச்சு, 2021ல மார்வெல் பெங்குயின் ரேண்டம் ஹவுஸ் பக்கம் போச்சு, 2023ல இமேஜ்ங்கற பப்ளிஷர் லூனார்ங்கற இன்னொரு டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போச்சு, 2025 ஜனவரில டயமண்டே திவால் மனு போட்டுருச்சு. இப்ப கடைக்காரரு பல எடத்துல தனித்தனியா ஆர்டர் போட்டுட்டு உக்காந்திருக்காரு. அவரு கிட்ட போயி "அது பப்ளிஷருக்குத்தான் தெரியும்"னு இழுத்தீங்கன்னா அவரு சிரிச்சுட்டு அடுத்த டேபிளுக்குப் போயிருவாரு. டிஸ்ட்ரிபியூட்டர் பேரு, கோடு, தேதி எல்லாம் உதட்டுல இருக்கணும்.

எந்த கானுக்குப் போறதுங்கறதுலயும் சொதப்புவாங்க. சான் டியாகோன்னா எல்லாருக்கும் ஒரு மயக்கம். 1970ல ஆரம்பிச்ச கான், இப்ப லட்சத்துக்கு மேல கூட்டம், அங்க இருக்கற பெரிய அரங்கம் ஹால் ஹெச்ல மட்டும் ஆறாயிரத்துக்கு மேல சீட்டு, ஆனா அந்தக் கூட்டத்துல நிறையப் பேரு சினிமா டிரெய்லர் பாக்க வந்தவங்க. ஹோட்டல் வாடகைய பாத்தா மயக்கம் தெளிஞ்சிரும். உங்க முதல் புக்க தூக்கிட்டு அங்க போனா யாருக்கும் தெரியாது. வட கரோலினால ஷார்லட்ல நடக்கற ஹீரோஸ்கான் 1982லேர்ந்து நடக்குது, அங்க வர்றவங்க காமிக்ஸ் வாங்கத்தான் வர்றாங்க. சொந்தமா அச்சடிச்ச புக்குன்னா மேரிலாண்ட்ல நடக்கற எஸ்பிஎக்ஸ் (ஸ்மால் பிரஸ் எக்ஸ்போ), இங்கிலாந்துல ஹாரோகேட்ல நடக்கற தாட் பபிள். சின்ன கான்ல உங்க டேபிள் முன்னாடி அஞ்சு நிமிஷம் நின்னு பேசுறதுக்கு ஆள் இருக்கும், என்னக் கேட்டா அந்த அஞ்சு நிமிஷத்துக்காகவே போலாம்.

சரி, டேபிள். புக்க டேபிள் மேல மட்டமா படுக்கப் போட்டுட்டு பின்னாடி உக்காந்து ஃபோன நோண்டறது, இதுதான் அதிகமா கண்ணுல படறது. கூட்டத்துல நடந்து போறவருக்கு டேபிள்ல கெடக்கற அட்டை தெரியவே தெரியாது. ஸ்டாண்ட் வச்சு நிமித்தி வைங்க, கண்ணு உயரத்துக்கு. நின்னுக்கிட்டே பேசுங்க. யாராச்சும் நின்னா கதைச் சுருக்கத்த ஒப்பிக்காதீங்க, "இதுல ஒரு ராஜ்யம், அதுல ரெண்டு வம்சம், மூணாவது வம்சத்துக்கு ஒரு சாபம்"னு ஆரம்பிச்சா அவரு தலைய ஆட்டிக்கிட்டே மெதுவா நகந்துருவாரு. ஒரு வரி சொல்லுங்க, "செத்துப்போன அப்பாவ தேடிப் போற போலீஸ்காரி கதை, கொஞ்சம் பேய், கொஞ்சம் காமெடி"ன்ற மாதிரி, சொல்லிட்டு புக்க அவரு கைல குடுத்துட்டு வாய மூடிக்கோங்க. இந்த வாய மூடறதுதான் ரைட்டருக்கு கஷ்டம்! அவரு மூணு பக்கம் புரட்டட்டும், ஆர்ட் பிடிச்சா அவரே கேப்பாரு. ஆர்ட்ட வச்சுத்தான் உங்க எழுத்தே விக்குது, அதனால யாரு வரைஞ்சது, யாரு கலர், யாரு லெட்டரிங் (வசனத்த பக்கத்துல எழுதறது)னு பேர் சொல்லிப் பேசுங்க. "என் புக்கு, என் புக்கு"ன்னு மட்டும் பேசிட்டு வரைஞ்சவர் பேர விட்டுட்ட ரைட்டர் பத்தி அந்த ஹால் முழுக்க சாயங்காலத்துக்குள்ள பேச்சு பரவிரும்.

நாலாவது இஷ்யூ, அஞ்சாவது இஷ்யூ மிச்சம் கெடக்குன்னு மூட்டையா தூக்கிட்டு வர்றதும் வேண்டாம், புது ஆளு வாங்கறது முதல் இஷ்யூ, இல்லன்னா பல இஷ்யூவ சேத்து அச்சடிச்ச முதல் வால்யூம்தான். விலைய முழு எண்ணா வைங்க, அஞ்சு, பத்து, இருபதுன்னு, சில்லறை தேடற நேரத்துல ரெண்டு பேரு போயிருவாங்க.

கையெழுத்துல ஒரு உலகமே இருக்கு. காமிக்ஸ் சேத்து வைக்கற கலெக்டர் ஒருத்தர் புக்க பிளாஸ்டிக் பேக்ல, மடங்காம இருக்க பின்னாடி ஒரு கெட்டி போர்டோட கொண்டு வருவாரு. பேக்கோட மூடில செல்லோடேப் ஒட்டியிருக்கும். அந்த டேப்ப முழுசா எடுக்காம அவசரத்துல புக்க வெளிய இழுத்தீங்கன்னா டேப் போயி அட்டைல ஒட்டி, மேல் தோல உரிச்சுட்டு வந்துரும், அவரு முப்பது வருஷமா பத்திரமா வச்சிருந்த புக்கா இருக்கும், அப்ப அவரு முகத்த பாக்க முடியாது. அதனால அவரையே எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க, இல்ல டேப்ப முழுசா பிரிச்சு பேக்குக்குப் பின்பக்கமா மடிச்சு ஒட்டிட்டு அப்புறம் எடுங்க. பேனா விஷயமும் அப்படித்தான், பளபள அட்டைல பால்பாயிண்ட்டும் ஜெல் பேனாவும் ஆகாது, ஷார்ப்பி இல்ல பெயிண்ட் பேனா, இருட்டு அட்டைன்னா சில்வர் இல்ல கோல்ட். போட்டதும் காயறதுக்கு கொஞ்சம் விடணும், உடனே பேக்ல போட்டா இழுவிரும். எங்க போடணும்னு கேட்டுட்டு போடுங்க, ஹீரோ மூஞ்சி மேல போடாதீங்க, நடுவுல பெருசா கோலம் மாதிரி போடாதீங்க, ஆர்ட்டிஸ்ட்டும் கலரிஸ்ட்டும் போட எடம் வேணும்ல. "அன்புடன் இன்னாருக்கு"ன்னு பேர் எழுதறதுக்கு முன்னாடியும் கேளுங்க, சில பேருக்கு பேரு வேணும், சில பேருக்கு வெறும் கையெழுத்து போதும்.

சிலர் சிஜிசிக்குன்னு கேப்பாங்க. அது காமிக்ஸுக்கு கிரேடு போட்டு கெட்டி பிளாஸ்டிக்ல மூடிக் குடுக்கற கம்பெனி. கையெழுத்து நெசம்தான்னு காட்டற அவங்க மஞ்சள் லேபிள் வேணும்னா நீங்க கையெழுத்து போடறத அவங்க ஆளு ஒருத்தர் பக்கத்துல நின்னு பாத்திருக்கணும். இது தெரியாம சாட்சி ஆளு வர்றதுக்கு முன்னாடியே ஆர்வமா போட்டுக் குடுத்துட்டா கலெக்டருக்கு அந்த புக்கு வீண்தான். இதுக்கு தனியா காசு வாங்கலாமான்னா, வாங்கலாம், நிறைய பேரு வாங்கறாங்க, ஆனா போர்டுல முன்னாடியே எழுதி வைங்க. உங்க சொந்த புது புக்க உங்க டேபிள்லயே வாங்குனவருக்கு கையெழுத்துக்கு காசு கேக்கறது எனக்கு சரியாப் படல.

கடைல நடக்கற சைனிங் வேற மாதிரி. கடைக்காரரு உங்கள நம்பி கூட அம்பது காப்பி போட்டிருப்பாரு, போஸ்டர் ஒட்டியிருப்பாரு, நீங்க ஒரு போஸ்ட் கூட போடாம வந்து உக்காந்தா எட்டுப் பேரு வருவாங்க. மிச்ச காப்பி அவரு நஷ்டம், அடுத்த தடவ ஆர்டர் கேட்டலாக்ல உங்க பேரப் பாத்தாலே பக்கத்த திருப்பிருவாரு. கூட்டம் வரலன்னு சீக்கிரம் கெளம்பாதீங்க, மிச்சம் இருக்கற காப்பி எல்லாத்துலயும் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு வாங்க, அத அவரு மெதுவா வித்துக்குவாரு. அங்க வேலை பாக்கற பசங்க கிட்ட பேசுங்க. ஓனர் இல்லாத நேரத்துல "இத படிச்சுப் பாருங்க"ன்னு கஸ்டமர் கைல குடுக்கறது அவங்கதான். கடைல ஓசியா காமிக்ஸ் குடுக்கற ஃப்ரீ காமிக் புக் டேங்கறது 2002ல ஆரம்பிச்சது, பெரும்பாலும் மே மாச முதல் சனிக்கிழமை வரும், அன்னைக்கு கடைல கூட்டம் தானா வரும், புது ரைட்டருக்கு அந்த மாதிரி நாள்ல உக்கார்றது நல்லது, ஆனா பாதிப் பேரு ஓசி புக்குக்குத்தான் வந்திருப்பாங்க, மனச தேத்திக்கோங்க.

எடிட்டர் யாராச்சும் கண்ணுல பட்டா ஸ்கிரிப்ட்ட கைல திணிக்கறத மட்டும் விட்டுருங்க. பெரிய கம்பெனி எடிட்டர்ஸ் கேக்காத ஸ்கிரிப்ட்ட தொடவே மாட்டாங்க, நாளைக்கு "என் கதைய திருடிட்டாங்க"ன்னு கேஸ் வந்துரும்னு பயம். அச்சடிச்ச புக்க குடுங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க, நகருங்க. பாத்ரூம் வாசல்ல மடக்காதீங்க, சிரிக்காதீங்க, நெசமாவே பண்றாங்க.

நம்ம ஊர் கணக்கு வேற. சென்னைல 2024 பிப்ரவரில டிரேட் சென்டர்ல முதல் தடவையா காமிக் கான் நடந்துச்சு, ஜனவரில புத்தகக் காட்சி, ஆகஸ்ட் வாக்குல ஈரோடு புத்தகத் திருவிழான்னு எடம் இருக்கு. இங்க எஃப்ஓசியும் இல்ல, தெருவுக்குத் தெரு காமிக் ஷாப்பும் இல்ல, லயன்-முத்து காமிக்ஸ் மாதிரி சந்தாவுலயும் நேர் விற்பனையிலயும்தான் ஓடுது. அதனால இங்க டேபிள்ல விக்கறதுதான் வியாபாரமே, ஆஷ்கேன் குடுத்து அனுப்புனா அவரு எந்தக் கடைல போயி வாங்குவாரு? புக்கு கைல இருந்தா மட்டும் டேபிள் போடுங்க. கூட்டத்துல நெட் படுத்துரும், யுபிஐ சுத்திக்கிட்டே நிக்கும், சில்லறையும் கொஞ்சம் வச்சுக்கோங்க.

இங்கேர்ந்து அமெரிக்கா போயி டேபிள் போட நினைக்கறவங்களுக்கு ஒண்ணு. விசிட்டர் விசால போயி கான்ல உக்காந்து புக்கு விக்கறது சிக்கல்ல கொண்டு விடும், ஏர்போர்ட்லயே பெட்டில அம்பது காப்பியப் பாத்து கேள்வி வரும், விசா வக்கீல் ஒருத்தர் கிட்ட கேட்டுட்டு டிக்கெட் போடுங்க. அங்கயே இருக்கறவங்களா இருந்தாலும் பெரும்பாலான மாநிலத்துல விக்கறதுக்கு சேல்ஸ் டாக்ஸ் பெர்மிட் வேணும், கலிஃபோர்னியால நிரந்தர பெர்மிட் இல்லன்னா ரெண்டு நாள் கானுக்குக் கூட தற்காலிக பெர்மிட் எடுக்கணும், கான் காரங்களே அந்த நம்பர கேப்பாங்க.

கான் முடிஞ்சு வந்ததும் காய்ச்சல் வரும், எல்லாருக்கும் வரும், கான் க்ரட்னு அதுக்கு பேரே வச்சிருக்காங்க. ஒரு நாள் படுத்துக்கோங்க, ஆனா பேசுன கடைக்காரங்க விசிட்டிங் கார்ட பெட்டிலயே விட்டுறாதீங்க. அந்த வாரத்துக்குள்ள எல்லாருக்கும் நாலு வரில ஒரு மெயில், கூட முதல் இஷ்யூவோட பிடிஎஃப், கோடு, எஃப்ஓசி தேதி. தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி இன்னொரு தடவ ஞாபகப்படுத்துங்க, மூணாவது தடவ அனுப்பாதீங்க.