பழைய இரட்டைக்குழலைச் சுத்தம் செய்வது இப்படி

முதலில் துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று பாருங்கள். விரலை விட்டும் பாருங்கள். பர்மாவின் பெகு யோமா மலைக்காட்டில் முப்பது வருடம் திரிந்த நான் இன்றும் இரண்டு தடவை பார்க்கிறேன்.

எண்ணெய்க்கு அவசரப்படாதீர்கள். பழைய தோட்டாக்களின் கேப்பு மருந்து (தோட்டாவின் அடியில் முதலில் தீப்பற்றும் மருந்து) வெடித்ததும் குழலுக்குள் ஒருவகை உப்பு படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் குழலைக் கழற்றிக் கொதிக்கும் வெந்நீரை ஊற்றுங்கள். சூட்டிலேயே காய்ந்துவிடும். அப்புறம் வெள்ளைத் துணி, கறுப்பு வராதவரை. கடைசியில் மெஷின் எண்ணெய், மெல்லிசாக. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது எனக்கு நாலு வயது. அப்பா என்னிடம் இப்போதுள்ள இந்தத் துப்பாக்கியைக் கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, மாட்டுக் கொட்டகையில் புதைத்தார். சண்டை முடிந்து தோண்டினால் குழல் பிழைத்திருந்தது, தோளில் அணைக்கும் மரக்கட்டையைக் கரையான் தின்றிருந்தது. இப்போதிருப்பது ஊர் ஆசாரி இழைத்த தேக்கு.

குழலில் அலை அலையாகக் கோடு தெரிந்தால் அது டமாஸ்கஸ் இரும்பு, இரும்பும் எஃகும் முறுக்கிச் சேர்த்து அடித்த பழைய காலத்துக் குழல். அதில் இந்தக் காலத்துத் தோட்டா போட்டுச் சுடவே கூடாது, வெடித்துச் சிதறலாம்.

காகித உறைத் தோட்டாவைத் தகர டப்பாவில் வையுங்கள். ஈரத்தில் ஊதிவிடும். ஒரு ஆடி மழையில், பத்து கஜத்தில் புலி. ஊதிப்போன தோட்டா குழலுக்குள் பாதிதான் போனது. புலி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூங்கில் புதருக்குள் போய்விட்டது.