பழைய கொம்பியூட்டரை வீட்டு சேர்வர் ஆக்கும்போது விடக்கூடாத பிழைகள்

விண்டோஸ் 10 இற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத கொம்பியூட்டர்கள் மட்டக்களப்பில் எத்தனையோ வீடுகளில் துணி போர்த்திக் கிடக்கின்றன. அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, குடும்பப் படங்களும் பிள்ளைகளின் பாட வீடியோக்களும் வைக்கிற சேர்வராக மாற்றுவது நல்ல வேலை. ஆனால் சேர்வர் ஓடத் தொடங்கியதும் படங்கள் பத்திரம் என்று நம்பிவிடுகிறோம். எல்லாப் பிழையிலும் பெரியது அதுதான்.

போனில் இடமில்லை என்று படங்களை சேர்வருக்கு மாற்றுவார்கள், பிறகு போனில் அழித்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரே பிரதி, அதுவும் பல வருடம் ஓடிக் களைத்த ஹாட் டிஸ்க்கில். முதல் வேலையாக, டிஸ்க் தன் நிலைமையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தை எடுத்துப் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டர் (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்), பென்டிங் செக்டர் (பழுதென்று சந்தேகப்படும் பகுதிகள்) என்ற இரண்டு வரிகளுக்கு நேரே பூச்சியம் இருந்தால் நல்லது. எண் கூடிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள், இரக்கப்பட வேண்டாம். இரண்டு டிஸ்க் போட்டு ரெய்ட் 1 செய்துவிட்டேன் என்று ஆறுதலடையவும் கூடாது. ரெய்ட் 1 முறை இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதும். கைதவறி நீங்கள் அழித்தால் இரண்டிலும் அழியும்.

கட்டாயம் வெளி டிஸ்க்கில் இன்னொரு பிரதி வேண்டும். அது அதே வீட்டு அலுமாரியில் இருக்கவும் கூடாது. 2004 டிசம்பர் 26 இற்குப் பிறகு ஒரு கலியாண அல்பம்கூட மிஞ்சாத குடும்பங்கள் நாவலடியிலும் கல்லடியிலும் இருக்கின்றன. கரையோரத்தில் இருப்பவர்கள் செங்கலடிப் பக்கமோ அம்பாறையிலோ உள்ள உறவினர் வீட்டில் அந்த டிஸ்க்கைக் கொடுத்து வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை வாங்கிப் புதுப்பியுங்கள். அப்போது நாலைந்து படங்களைத் திறந்தும் பாருங்கள்.

அடுத்தது கரண்ட் பில். சும்மா இருக்கும்போதே 90 வாட் இழுக்கிற பழைய டெஸ்க்டொப் இரவு பகலாக ஓடினால் மாதம் 65 யூனிட் அளவு வரும். 60 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்குக் கட்டண வகுப்பே மாறும். 12 வாட்டில் ஓடுகிற பழைய லப்டொப் என்றால் 9 யூனிட்டோடு முடிந்துவிடும். இரண்டும் கையில் இருந்தால் லப்டொப்தான் என் தெரிவு. கரண்ட் போனாலும் அதன் பற்றரி கொஞ்சநேரம் தாங்கும். டச்பேட் புடைத்து எழும்பியிருந்தால் மட்டும் பற்றரி வீங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே கழற்றிவிட வேண்டும். மூடியை மூடினால் தூங்கிவிடும் பழக்கத்தையும் செட்டிங்கில் நிறுத்துங்கள்.

டெஸ்க்டொப்தான் இருக்கிறதா? சரி, மதர்போர்டில் நாணயம் போல இருக்கிற சி.ஆர். 2032 பற்றரியை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். கரண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி பயோஸில், அதாவது கொம்பியூட்டரைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு நிரலில், ஒரு செட்டிங் இருக்கிறது. அந்தப் பற்றரி செத்திருந்தால் கரண்ட் போகிற ஒவ்வொரு முறையும் அது அழிந்துபோகும், திகதியும் பல வருடம் பின்னால் போய்விடும். சில மதர்போர்டுகள் எஃப் 1 விசையை அழுத்தச் சொல்லிக் காத்திருக்கும். மொனிட்டர் பூட்டாத சேர்வரில் அது யாருக்கும் தெரியாது. யூபிஎஸ் ஒன்றும் போடுங்கள்.

நிலத்தில் வைக்காதீர்கள். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கடற்காற்று நேரே படும் ஜன்னலோரமும் ஆகாது, உப்பு ரெம் (RAM) நினைவகத்தின் தொடுமுனைகளை அரித்துவிடும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கை மட்டும் இழுத்தால் போதாது. செப்புக் கம்பியில் வருகிற தொலைபேசி இணைப்பு என்றால் அதையும் ரூட்டரிலிருந்து கழற்றுங்கள்.

வெளியிலிருந்து பார்க்கவேண்டும் என்ற ஆசையில் ரூட்டரில் போர்ட் (வெளி இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசல்) திறப்பது இன்னொரு பிழை. திறந்த போர்ட்டைத் தேடி பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கிற தானியங்கி நிரல்கள் இணையத்தில் ஓயாமல் சுற்றுகின்றன. கோப்புப் பகிர்வுக்கான எஸ்.எம்.பி. சேவையைத் திறந்துவிடவே கூடாது. 2017 மே மாதம் வன்னாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பரவியது அதன் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். 4ஜி ரூட்டரில் பெரும்பாலும் போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது, ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்வதால். இந்த இரண்டு சிக்கலுக்கும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (உங்கள் கருவிகளுக்கு இடையே மட்டும் ஓடும் பூட்டிய இணைப்பு) பொருந்தும். கனடாவில் இருக்கிற சித்தி படம் பார்க்க வேண்டுமென்றால் அவரின் போனிலும் அதையே போட்டு, படங்கள் இருக்கிற ஃபோல்டரை வாசிக்க மட்டும் அனுமதி கொடுங்கள்.