விருந்தினர் தன் புத்தகத்தையே பேசிக்கொண்டிருந்தால்? பாட்காஸ்ட் தொகுப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்காஸ்ட்டுக்கு வரும் விருந்தினரிடம் புதுப் புத்தகம், தொடங்கப்போகும் வகுப்பு, வெளியாகவிருக்கும் படம் என ஏதாவது ஒன்று இருக்கும். பணம் வாங்காமல் பேச வருபவர் அதைச் சொல்ல ஆசைப்படுவதில் குற்றமே இல்லை. எங்கே, எவ்வளவு நேரம் சொல்லலாம் என்று பேசி முடிக்காமல் மைக்கை ஆன் செய்வதுதான் தவறு. வாய்ப்பு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பதற்றத்தில்தான் பலர் ஒவ்வொரு பதிலிலும் புத்தகத்தின் பெயரை இழுக்கிறார்கள். "அறிமுகத்திலேயே நான் சொல்லிவிடுகிறேன், கடைசியில் நீங்கள் ஒரு நிமிடம் பேசுங்கள், லிங்க்கை டிஸ்கிரிப்ஷனின் முதல் வரியில் போடுகிறேன்" என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்தை மட்டும் கொடுத்தால் போதாது. அதுவரை எல்லோரும் கேட்பதில்லை.

"அதெல்லாம் என் புத்தகத்தில் இருக்கு, வாங்கிப் படிங்க" என்று விருந்தினர் நழுவும்போது சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது இன்னொரு தவறு. கேட்பவர் ஏமாறும் இடம் இதுதான். முகம் சுளிக்கவும் வேண்டாம், பேச்சை வெட்டவும் வேண்டாம். "அதில் வரும் ஒரு சம்பவத்தை இப்போதே சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். சரக்கு இருப்பவர் உற்சாகமாகச் சொல்வார். அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டே பலர் புத்தகத்தை வாங்குவார்கள். சொல்ல ஒன்றுமில்லை என்றால் அதுவும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

எடிட்டிங்கில் எதையாவது நீக்கினால் வெளியிடும் முன் விருந்தினருக்குச் சொல்லிவிடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது மருத்துவமும் பங்குச்சந்தையும். "எங்க மருந்தை மூணு மாசம் சாப்பிட்டா சுகர் போயிடும்" என்று ஒருவர் சொல்லும்போது தொகுப்பாளர் தலையாட்டினால், கேட்பவர் அதைச் சான்றிதழாகவே எடுத்துக்கொள்வார். நம்பி மாத்திரையை நிறுத்திவிடுபவரும் இருக்கலாம். சர்க்கரை நோய், புற்றுநோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அப்படிப்பட்ட பேச்சைத் தயங்காமல் வெட்டுங்கள். கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை தருகிறேன் என்பவரிடம் ரெக்கார்டிங்குக்கு முன்பே, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். தர மறுத்தால் அழைப்பைத் திரும்பப் பெறுவதே நல்லது.

விருந்தினரே பணம் கொடுத்து வந்திருந்தால் அதை மறைப்பது கேட்பவருக்குச் செய்யும் துரோகம். பணம் மட்டுமல்ல, இலவசமாகக் கிடைத்த பொருள், லிங்க் வழியே வரும் கமிஷன் எல்லாமே இதில் சேரும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் கொண்டுவந்த நெறிமுறைகளும் இப்படிப்பட்ட தொடர்பை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. யூடியூபில் பதிவேற்றும்போது, கட்டண விளம்பரம் உண்டு எனக் குறிப்பிடும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். ஆடியோவாக மட்டும் கேட்பவருக்கு அந்த அறிவிப்பு தெரியாது. அவருக்காக எபிசோடின் தொடக்கத்தில் உங்கள் குரலிலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.